பட்டாளத்து அப்பாவின் நினைவுக்குறிப்பு: வீட்டார் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சேலம், ஓமலூர், ஆத்தூர், ஏற்காடு என்று இந்தப் பக்கத்தில் எந்த ஊருக்குப் போனாலும் பட்டாளத்து வீடு ஒன்றாவது இருக்கும். ஓய்வுபெற்ற படைவீரர்கள் தங்கள் அனுபவத்தை எழுதிவைக்கக் கொஞ்ச காலமாக உதவி வருகிறேன். எழுதுகிறவரைவிட அவருடைய மகளும் மகனும் மருமகளும்தான் அதிகம் சந்தேகம் கேட்கிறார்கள். அதுவும் திரும்பத் திரும்ப அதே சந்தேகங்கள். அதனால் அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டு, எனக்குத் தெரிந்த பதிலையும் எழுதியிருக்கிறேன்.

எங்கப்பா பெரிய ஆபீசர் இல்லைங்க, வீரப் பதக்கம் வாங்கினவரும் இல்லை. சாதா ஹவில்தார். அவர் எழுதி யாருங்க படிக்கப் போறாங்க?

நீங்கள் படிப்பீர்கள், உங்கள் பிள்ளைகள் படிப்பார்கள். அது போதாதா? தளபதிகள் எழுதும் புத்தகத்தில் எந்த டிவிஷன் எந்தப் பக்கம் நகர்ந்தது என்று இருக்கும். அன்று ராத்திரி லங்கரில் என்ன சமைத்தார்கள், நனைந்த சாக்ஸை எங்கே காயப்போட்டார்கள், லீவு ரத்தான சேதியை யார் வந்து சொன்னார் என்பதெல்லாம் ஹவில்தாருக்குத்தான் தெரியும்.

இந்தப் பக்கத்து ஆட்கள் பலர் டிரைவராகவோ, சிக்னல்ஸிலோ, மெக்கானிக்காகவோ, பெங்களூரில் பயிற்சி எடுத்த மெட்ராஸ் சாப்பர்ஸ் என்கிற ராணுவப் பொறியாளர் பிரிவிலோ இருந்தவர்கள். அதனாலேயே "நான் என்ன பெருசா கிழிச்சேன்" என்று ஒதுங்குவார்கள். 1971 டிசம்பரில் பசந்தர் ஆற்றுப் பக்கம் கண்ணிவெடி புதைத்த நிலத்தில் டாங்குகளுக்கு வழி திறந்துவிட்டவர்கள் சாப்பர்கள். டாங்குக்குள் இருந்து போரிட்டு உயிர்விட்ட, பரம்வீர் சக்ரா பெற்ற அருண் கேத்தர்பாலை நாட்டுக்கே தெரியும். வழி திறந்துவிட்டவரின் பெயர் அவருடைய சொந்த வீட்டு நோட்டில்கூட இல்லையென்றால் அது நம் சோம்பல்தான்.

அவருக்குப் பேச வருது, எழுத வரலை. நாலு வரி எழுதிட்டு நோட்டை மூடி வெச்சிடறார். என்ன பண்றது?

எழுதச் சொல்லாதீர்கள், பேசச் சொல்லுங்கள். கைபேசியில் பதிவு செய்து பிறகு எழுத்தாக்கிக்கொள்ளலாம். ஒரு தடவைக்கு அரைமணி நேரம் போதும். "போர்ல என்னப்பா நடந்துச்சு" என்று கேட்டால் அவர் செய்தித்தாளில் வந்ததைத்தான் திருப்பிச் சொல்வார். சின்னதாகக் கேளுங்கள். முதல் தடவை ஜம்முவுக்குப் போனபோது ரயிலில் இடம் கிடைத்ததா, கூட யார் வந்தது, சேலம் ஜங்ஷனுக்கு வழியனுப்ப யாரெல்லாம் வந்தார்கள், சப்பாத்தி பழக எத்தனை மாதம் ஆனது. ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் என்று ரயிலின் பெயரைச் சொன்னாலே சிலருக்கு ஒரு மணி நேரப் பேச்சு வந்துவிடும். டிரங்குப் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு பொருளாகக் கையில் கொடுத்தாலும் பேச்சு தானாக வரும்.

பேச்சில் ஹிந்தி வார்த்தைகள் நிறைய விழும். லங்கர், பங்கர், ஆபீசரும் ஜவானும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் படாகானா. இவற்றைத் தமிழாக்குகிறேன் என்று சமையற்கூடம், பதுங்குகுழி என்று மாற்றிவிட்டால் படிப்பது உங்கள் அப்பா பேசுகிற மாதிரி இருக்காது.

எங்கிருந்து ஆரம்பிக்கணும்? பொறந்ததுல இருந்தா?

ஆள் எடுத்த நாளிலிருந்து ஆரம்பிக்கலாம். மார்பளவு எடுத்தார்கள், ஓடவிட்டார்கள் என்பது எல்லோருக்கும் நடந்ததுதான், அதை ஒரு பத்தியில் முடித்துவிடுங்கள். ஏன் போனார் என்பதை விரிவாகக் கேளுங்கள். தறி ஓடாத வருஷமா, மழை பொய்த்த வருஷமா, எஸ்டேட் கூலி பத்தவில்லையா, வீட்டில் கோபித்துக்கொண்டு ஓடினாரா? தேசபக்தியைப் பிறகு சேர்த்துக்கொண்டவர்கள் உண்டு. அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை, அப்படியே எழுதலாம்.

தேதியெல்லாம் மறந்துடுச்சுங்கறார். எதை வெச்சு சரி பார்க்கறது?

முதலில் டிஸ்சார்ஜ் புக், அதாவது விலகும்போது கொடுக்கும் பணிப் புத்தகம். சேர்ந்த நாள், விலகிய நாள், பதவி உயர்வு, பதக்கங்கள் அதில் இருக்கும். கல்யாணம், பிள்ளைகள் பிறப்பு போன்றவை பார்ட் டூ ஆர்டர் என்கிற ராணுவப் பதிவு உத்தரவாக வெளியாகியிருக்கும். அந்தத் தாள் பெரும்பாலும் பென்ஷன் காகிதங்களோடு கிடக்கும்.

அடுத்து மெடல். விளிம்பில் நம்பரும் பெயரும் பொறித்திருப்பார்கள். 1965 போர் என்றால் சமர் சேவா ஸ்டார் அல்லது ரக்ஷா மெடல். 1971இல் கிழக்கு முனையில் இருந்தவருக்குப் பூர்வி ஸ்டார், மேற்கு முனை என்றால் பஸ்சிமி ஸ்டார். சங்ராம் மெடல் மட்டும் இருந்தால் அந்தச் சமயத்தில் பணியில் இருந்தார், நேரடியாகப் போர்முனையில் இல்லாமல் இருந்திருக்கலாம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அப்பா பங்களாதேஷ் போனார் என்று வீட்டில் எல்லோரும் நம்பிக்கொண்டிருக்க, பெட்டியில் பஸ்சிமி ஸ்டார் கிடப்பதும் நடக்கும். சண்டை போடாமல் அவரிடமே காட்டிக் கேளுங்கள்.

போர்த் தேதிகளைப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டால் வசதி. சீனப் போர் 1962 அக்டோபர் 20 முதல் நவம்பர் 21 வரை. 1965 சண்டை நிறுத்தம் செப்டம்பர் 23. 1971 போர் டிசம்பர் 3 முதல் 16 வரை. சியாச்சின் நடவடிக்கை தொடங்கியது 1984 ஏப்ரல் 13. கார்கில் 1999 மே முதல் ஜூலை வரை. வீட்டுக் கணக்கையும் இதோடு ஒட்டிப் பாருங்கள். "பெரியவ பொறந்தப்ப நான் லடாக்ல இருந்தேன்" என்கிற வரி எந்த ஆவணத்துக்கும் குறைந்ததில்லை.

பழைய லெட்டர்ல எல்லாம் 56 ஏ.பி.ஓ.ன்னுதான் இருக்கு. அது எந்த ஊருங்க?

அது ஊரே இல்லை. படை எங்கே இருக்கிறது என்று வெளியில் தெரியக்கூடாது என்பதற்காகவே ராணுவத் தபாலுக்கு அப்படி ஒரு பொது முகவரி. கிழக்குப் பக்கம் 99 ஏ.பி.ஓ. என்று இருக்கும். அதனால் உறையை வைத்து இடத்தைக் கண்டுபிடிக்க முடியாது, ஆனால் தேதி முத்திரை உதவும். கடிதத்துக்குள்ளும் இடம் சொல்லியிருக்க மாட்டார். "இங்கே ரொம்பக் குளிர், ஸ்வெட்டர் கிடைத்தது" என்பது மாதிரி ஏதாவது இருக்கும். கொஞ்சம் யோசித்தால் அதிலிருந்தே பாதி தெரிந்துவிடும்.

எல்லாம் அவரோட கதைதானே, இதுல அம்மாவுக்கு என்னங்க வேலை?

எனக்கு அதிகம் கோபம் வரவைக்கும் கேள்வி இது. ஃபீல்டு ஏரியா என்கிற களப்பணிப் பகுதி என்றால் குடும்பத்தை அழைத்துப்போக முடியாது. அவர் அங்கே இருந்த வருஷமெல்லாம் இங்கே ரேஷன் கார்டு, மாமியார், பிள்ளைக்கு வந்த அம்மை, வாய்க்கால் தண்ணித் தகராறு, இடிந்த சுவர் எல்லாவற்றையும் ஒருத்தி பார்த்தாள். அவர் நினைவுக்குறிப்பில் அந்த வருஷங்கள் "குடும்பத்தை ஊரில் விட்டிருந்தேன்" என்று ஒரே வரியில் ஓடிவிடும். மாதாமாதம் வந்த மணியார்டரை எப்படிப் பிரித்துச் செலவழித்தார் என்று அம்மாவைக் கேட்டுப் பாருங்கள், தனி அத்தியாயமே வரும்.

நான் சொல்லும் முறை இதுதான். ஒவ்வொரு வருஷத்துக்கும் அவர் சொன்னது ஒரு பக்கம், எதிர்ப்பக்கத்தில் அதே வருஷம் வீட்டில் நடந்தது, அம்மாவின் வாயாலேயே. 1971 டிசம்பரில் அவருக்கு ராத்திரி இருட்டில் லாரி ஓட்டிய ஞாபகம். அம்மாவுக்கு, ரேடியோ இருக்கிற வீட்டுத் திண்ணையில் டெல்லியிலிருந்து வரும் ஆகாசவாணித் தமிழ்ச் செய்திக்காகக் காத்திருந்த ஞாபகம். தபால்காரர் சைக்கிள் வேறு நேரத்தில் தெருவுக்குள் வந்தால் தந்தியோ என்று வயிறு கலங்கியதைச் சொல்லாத பட்டாளத்து மனைவியை நான் பார்த்ததில்லை. தந்தி சேவையே 2013 ஜூலையில் நின்றுபோனது. அந்தப் பயம் எப்படிப்பட்டது என்று இன்றைய பேரன் பேத்திக்கு இவர் சொன்னால்தான் உண்டு.

இன்னொன்று. லீவில் வந்த அப்பாவைப் பார்த்து "யாரோ மாமா வந்திருக்கார்" என்று ஓடி ஒளிந்த பிள்ளைகள் இப்போது உங்கள் வயதில் இருக்கிறீர்கள். உங்களுக்கும் இரண்டு பக்கம் பாக்கி இருக்கிறது.

யூனிட் பேரு, இடமெல்லாம் எழுதினா கேஸ் கீஸ் ஆகிடுமா?

முடிந்துபோன போரில் தான் எங்கே இருந்தேன், யூனிட் எது, கூட இருந்தவர் யார் என்பதை ஏராளமானோர் எழுதியிருக்கிறார்கள். 1923ஆம் வருஷத்து அலுவல்சார் ரகசியச் சட்டம் ஓய்வுக்குப் பிறகும் பொருந்தும் என்பதை மட்டும் மறக்கவேண்டாம். இப்போதும் பயன்பாட்டில் உள்ள எல்லைச் சாவடியின் அமைப்பு, ஆயுதம், தொலைத்தொடர்பு முறை, வரைபடம் இவற்றைத் தொடாதீர்கள். கதைக்கு அவை தேவையும் இல்லை. பெரிய இடத்துக்கும் சிக்கல் வருகிறது, முன்னாள் ராணுவத் தலைமைத் தளபதி ஒருவரின் புத்தகமே அரசின் பரிசீலனையில் வருஷக்கணக்காக மாட்டிக்கொண்டது. சந்தேகமான பகுதி இருந்தால் அச்சுக்குப் போகும் முன் அவருடைய பணிப் பதிவுகளை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீசுக்கு எழுதிக் கேட்டுவிடுங்கள்.

பி.எஸ்.எஃப்., சி.ஆர்.பி.எஃப். போன்ற துணை ராணுவப் படைகளில் இருந்தவர் என்றால் கணக்கு வேறு. அந்த அமைப்புகளின் பணி தொடர்பாக எதையும் வெளியிட ஓய்வுக்குப் பிறகும் முன் அனுமதி தேவை என்று 2021 மே மாதம் மத்திய அரசின் பென்ஷன் விதி திருத்தப்பட்டது. வீட்டுக்குள் வைத்துப் படிக்கும் நோட்டுக்கும் கடையில் விற்கும் புத்தகத்துக்கும் வித்தியாசம் உண்டுதான், இருந்தாலும் கேட்டுக்கொண்டு செய்வது நல்லது.

தம்பி இப்ப சர்வீஸ்ல இருக்கான். அவனைப் பத்தியும் கடைசியில் சேர்க்கலாமா?

பெயரும் பாசமும் போதும். எங்கே போஸ்டிங், எந்த யூனிட், எப்போது லீவு என்பதெல்லாம் வேண்டாம். யூனிஃபார்ம் போட்டோவும் வேண்டாம். 2020 ஜூலையில் ஃபேஸ்புக் உட்பட 89 செயலிகளைக் கைபேசியிலிருந்து நீக்கச் சொல்லி ராணுவம் தன் ஆட்களுக்கு உத்தரவு போட்டது. புத்தகத்தின் ஒரு பக்கத்தை யாராவது படம்பிடித்துக் குடும்பக் குழுவில் போட்டால் அவனுக்குத்தான் தலைவலி.

மத்ததெல்லாம் சொல்றார், ஸ்ரீலங்கா போனதை மட்டும் பேச மாட்டேங்கறார். எப்படிக் கேக்கறது?

கேட்கவேண்டாம் என்பேன், குறைந்தபட்சம் நேராக. 1987 ஜூலை 29 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு நம் படையினர் அமைதிப்படையாகப் போனார்கள். அக்டோபரில் புலிகளோடு சண்டையாக மாறியது. 1990 மார்ச்சில் கடைசி ஆட்கள் திரும்பியபோது ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் உயிரோடு இல்லை. தமிழ் தெரிந்த ஜவானுக்கு அங்கே கூடுதல் பாரம். சோதனைச் சாவடியில் அழும் கிழவி என்ன சொல்கிறாள் என்பது கூட நின்ற மற்றவர்களுக்குப் புரியாது, இவருக்குப் புரியும். ஊருக்கு வந்தால் "நம்ம ஆளுங்களையே சுட்டியா" என்று டீக்கடையில் கேட்டார்கள். சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கிய படையை வரவேற்க அன்றைய முதல்வர் கருணாநிதி போகவில்லை. அவர் அப்படிச் செய்ததற்கு அவருக்கான காரணம் இருந்தது, தமிழ்நாட்டில் பலர் அதை ஏற்றுக்கொண்டார்கள். கப்பலில் இருந்த நாயக் பதவிக்காரருக்கு அது எப்படி இருந்திருக்கும் என்பது தனி விஷயம்.

யாழ்ப்பாணத்தாரின் ஞாபகமும் இருக்கிறது. 1987 அக்டோபரில் யாழ்ப்பாண மருத்துவமனையில் நோயாளிகளும் டாக்டர்களும் ஊழியர்களும் இந்தியப் படையால் கொல்லப்பட்டதை அங்கே ஒவ்வொரு வருஷமும் நினைவுகூர்கிறார்கள். உங்கள் அப்பா அதற்குப் பக்கத்திலேயே இல்லாதிருக்கலாம், ஆனாலும் "அங்கே இருந்தவன்" என்ற பேர் ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் வாயைத் திறப்பதில்லை. போன தேதி, திரும்பிய தேதி, இருந்த ஊர், இவற்றை மட்டும் எழுதிவிட்டு மிச்சப் பக்கத்தை வெறுமையாக விடுங்கள். அவருக்குத் தோன்றினால் நிரப்பட்டும். நீங்களாக இட்டுக்கட்டி நிரப்பாதீர்கள், உங்கள் அரசியலுக்கு அவரைச் சாட்சிக்கும் கூப்பிடாதீர்கள்.

அவர் சொல்றதும் புஸ்தகத்துல இருக்கறதும் ஒத்துப்போக மாட்டேங்குது. எதை நம்பறது?

தேதி, இடம் என்றால் மேலே சொன்ன டிஸ்சார்ஜ் புக்கும் மெடலும் தீர்ப்பு சொல்லும். நடந்த விதம் என்றால் அவர் பார்த்தது அவர் நின்ற பள்ளத்திலிருந்து. பக்கத்துப் பள்ளத்தில் இருந்தவர் வேறு மாதிரி சொல்வார். அவர் சொன்னதை அப்படியே விட்டு, கீழே "யூனிட் வரலாற்றில் இப்படி இருக்கிறது" என்று ஒரு வரி சேர்த்தால் போதும். போர் ஆவணங்களைப் பொதுவாக 25 வருஷத்தில் ரகசியப் பட்டியலிலிருந்து விடுவிக்க வேண்டும் என்று 2021இல் பாதுகாப்பு அமைச்சகம் கொள்கை வகுத்தது. உங்கள் பேரன் காலத்தில் யாராவது ஒப்பிட்டுப் பார்க்கட்டும். கதை ஒவ்வொரு தீபாவளிக்கும் பெரிதாகிக்கொண்டே போகிறது என்றால் மட்டும் முதலில் சொன்ன வடிவத்தையும் தேதி போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கூட இருந்தவர் எப்படி இறந்தார்னு அப்பாவுக்குத் தெரியும். அவங்க வீட்டுக்கு வேற மாதிரி சொல்லியிருக்காங்க. அதை எழுதலாமா?

இதற்கு ஒரே பதில் கிடையாது. "வலி தெரியாமல் உடனே போய்விட்டார்" என்று வீட்டுக்கு எழுதுவது உலகத்துப் படைகள் எல்லாவற்றிலும் இருக்கிற வழக்கம். இரக்கத்தால் சொன்னது அது. உண்மையில் அவர் விடியும்வரை தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்திருக்கலாம். அந்த மனைவி இன்னும் இருந்தால், அவர் அதை முதன்முதலில் உங்கள் புத்தகத்தில் படிக்கக்கூடாது. இது மட்டும் எனக்கு உறுதி.

அப்பாவால் முடிந்தால் நேரில் போய் அந்தக் குடும்பத்தைப் பார்க்கட்டும். போனில் வேண்டாம். "கடைசியாக நான்தான் கூட இருந்தேன், தெரிஞ்சுக்கணுமா" என்று மட்டும் கேட்கட்டும். சிலர் இத்தனை வருஷம் அதற்காகத்தான் காத்திருந்தேன் என்பார்கள். சிலர் காப்பி கொடுத்துவிட்டுப் பேச்சை மாற்றுவார்கள். மாற்றினால் விட்டுவிட வேண்டும். அப்படியும் எழுதினால்தான் மனசு ஆறும் என்றால் பெயர், ஊர், யூனிட் மாற்றி எழுதட்டும். அச்சில் போகும் பிரதியில் அதுவும் வேண்டாம்.

குடித்துவிட்டு நடந்தது, பயந்து ஓடியது, பக்கத்தில் இருந்தவன் தவறுதலாகச் சுட்டது போன்றவற்றுக்கும் இதே அளவுகோல்தான். தன்னைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் சொல்லலாம், அடுத்தவரைப் பற்றி என்றால் அவர் வீட்டாரை நினைத்துக்கொண்டு.

எழுத ஆரம்பிச்சதுல இருந்து ராத்திரி தூங்க மாட்டேங்கறார், சின்னதுக்கெல்லாம் கத்தறார். நிறுத்திடலாமா?

ஆமாம், உடனே நிறுத்துங்கள். புத்தகம் காத்திருக்கும். பழைய சம்பவம் கண்முன் நடப்பதுபோல் வருவது, பட்டாசு சத்தத்துக்கு விதிர்விதிர்ப்பது, குடி கூடுவது, இதெல்லாம் டாக்டர் பார்க்கவேண்டிய விஷயம். "மிலிட்டரிக்காரர்னா அப்படித்தான்" என்று விட்டுவிடுவது நம் ஊர்ப் பழக்கம், அதைக் கைவிட வேண்டும். சேலத்தில் முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமான ஈ.சி.எச்.எஸ்.ஸின் பாலிகிளினிக் இருக்கிறது, அங்கே சொல்லி மனநல மருத்துவரிடம் ரெஃபரல் வாங்கலாம். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். சாகவேண்டும் போல் பேசினால் தனியாக விடாதீர்கள், அன்றைக்கே கூட்டிப்போங்கள். தெளிந்தபிறகு மறுபடி ஆரம்பிக்கலாமா என்பதை அவரும் டாக்டரும் முடிவு செய்யட்டும்.

அப்பா போயிட்டார். டிரங்குப் பெட்டி மட்டும் ஏற்காட்டு வீட்ல கெடக்கு. இனிமே ஏதாவது முடியுமா?

முடியும். ஆனால் முதலில் பெட்டியைக் காப்பாற்றுங்கள். மலை மேல் பனியும் ஈரமும் காகிதத்தைத் தின்றுவிடும். எதையும் எடுக்கும் முன் இருக்கிற வரிசையிலேயே போட்டோ எடுங்கள், பிறகு கீழே சேலத்துக்குக் கொண்டுவந்து காய்ந்த இடத்தில் வையுங்கள். லாமினேஷன் மட்டும் செய்யாதீர்கள், பிறகு பிரிக்கவே முடியாது. ஆல்பத்தில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்காமல் அப்படியே படம்பிடியுங்கள். போட்டோக்களின் பின்பக்கத்தையும் பாருங்கள், பெயர்கள் அங்கேதான் இருக்கும்.

அப்புறம் மேலே சொன்ன வழிதான். டிஸ்சார்ஜ் புக், மெடல், தேதி முத்திரை, அம்மாவின் பக்கம். உயிரோடு இருக்கிற யூனிட்காரர்களைக் கண்டுபிடிக்க மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். ராணுவ கேன்டீன் வரிசையில் நின்றாலும் பாதிப் பேரைப் பிடித்துவிடலாம்.

எங்க தாத்தா வெள்ளைக்காரன் காலத்துப் பட்டாளம், பர்மாவுக்குப் போய் வரவே இல்லைன்னு சொல்வாங்க.

இரண்டாம் உலகப் போரில் இறந்தவர் என்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியலில் தேடலாம், இலவசம்தான். 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை இறந்தவர்கள் அதில் வருவார்கள். கல்லறை இல்லாதவர்களின் பெயர்கள் ரங்கூன் பக்கத்தில் தௌக்கியான் நினைவிடத்தில் பொறித்திருக்கிறார்கள். தமிழ்ப் பெயரை இங்கிலீஷில் கண்டபடி எழுதியிருப்பார்கள், நாலைந்து விதமாக அடித்துப் பாருங்கள். சுதந்திரத்துக்குப் பிறகு இறந்தவர் என்றால் டெல்லி தேசியப் போர் நினைவிடம். 2019 பிப்ரவரியில் திறந்தது, 25,000க்கும் மேற்பட்ட பெயர்கள் அங்கே இருக்கின்றன.

அச்சடிக்கணுமா, ஜெராக்ஸ் போதுமா?

ஜெராக்ஸ் போதும், நல்ல பைண்டிங் போடுங்கள். வீட்டுக்கு ஒன்று, அம்மா பிறந்த வீட்டுக்கு ஒன்று. விற்கப் போகிறீர்கள் என்றால் புத்தகத்துக்கான அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என். நம் நாட்டில் இலவசமாகவே கிடைக்கும், அதற்குப் பணம் கேட்பவரை நம்பாதீர்கள். மெட்ராஸ் ரெஜிமெண்ட் ஆள் என்றால் வெலிங்டனில் உள்ள ரெஜிமெண்டல் சென்டருக்கு ஒரு பிரதி அனுப்பிவையுங்கள்.

என் பையன் தாத்தா எழுதினதைப் படிச்சுட்டு நானும் பட்டாளத்துக்குப் போறேன்னு நிக்கறான். இதை ஏன்டா எழுத வெச்சோம்னு இருக்குங்க.

முழுசாகப் படித்தானா என்று கேளுங்கள். போர்ப் பக்கத்தை மட்டும் படித்துவிட்டு எதிர்ப்பக்கத்தைத் தள்ளிவிட்டிருந்தால், பாட்டி சொன்னதையும் படித்துவிட்டு வந்து பேசச் சொல்லுங்கள். படித்த பிறகும் போகிறேன் என்றால் தடுக்க நான் யார், நீங்களும்தான்.

ஒன்றை மட்டும் தாத்தாவையே விளக்கச் சொல்லுங்கள். அவர் சேர்ந்த காலத்து ராணுவ வேலை இப்போது இல்லை. 2022 ஜூனில் வந்த அக்னிபத் திட்டப்படி நாலு வருஷம்தான், அதன் பிறகு நூற்றுக்கு இருபத்தைந்து பேர்வரைதான் நிரந்தரமாக எடுப்பார்கள். மற்றவர்களுக்குச் சேவா நிதியாகப் பதினொன்றே முக்கால் லட்சம் அளவில் ஒரு தொகை வரும், பென்ஷன் கிடையாது. தாத்தா இந்த வீட்டைக் கட்டியது எந்தப் பணத்தில், பாட்டியின் ஆபரேஷனுக்கு எந்தக் கார்டைக் காட்டினார்கள் என்று அவனே கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.